செத்த நிரலுக்கு ஒரு காவல்காரர்

நீங்கள் ஒன்றைத் தூக்கிப் போடப் போகிறீர்கள். குப்பைத்தொட்டி வரைக்கும் போயாகிவிட்டது, மூடியையும் திறந்தாகிவிட்டது. அப்போது எங்கிருந்தோ ஒரு கை நீண்டு உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. "எதுக்கும் இருக்கட்டுமே" என்கிறது ஒரு குரல். அந்தக் கைக்கும் குரலுக்கும் சொந்தக்காரரைத்தான் இன்று உங்கள் முன் நிறுத்தப் போகிறேன். இந்த இனம் எல்லாத் தேசங்களிலும் எல்லாத் தொழில்களிலும் பரவிக் கிடக்கிறது என்றாலும், கொழுத்துச் செழித்து வளர்வது எங்கள் தொழிலில்தான் என்பதைக் கொஞ்சம் பெருமையோடும் நிறைய எரிச்சலோடும் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தொழில் கெர்னல் எழுதுவது. கணினியைத் திறந்ததும் உங்களுக்குப் படமும் பாட்டும் கடிதமும் வருகின்றனவே, அவற்றுக்கெல்லாம் அடியில், கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் கெர்னல். எங்களுடையது இரண்டு கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் எத்தனை வரி உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கருவி ஒழிந்து, அதைச் செய்த கம்பெனி ஒழிந்து, கம்பெனி இருந்த கட்டடத்தில் இப்போது யோகா வகுப்பு நடக்கும். ஆனால் அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் என்கிற நிரல் மட்டும் எங்களிடம் அப்படியே இருக்கும். செத்த நிரல் என்று அதற்குப் பெயர். எடுத்துவிடலாமா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், நம் ஆசாமி வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். 'யாராவது' என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது முகத்தைப் பாருங்கள், அப்படி ஒரு கனிவு வரும். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு கடிதம் போட்டதில்லை. ஆனால் அந்த 'யாராவது' எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து, நாம் எடுக்கப் போகும் அந்த ஒரே நிரலை மட்டுமே நம்பி வயிறு வளர்ப்பதாக அவருக்கு உறுதியான நம்பிக்கை. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. எப்படி நிரூபிப்பீர்கள்? நிரலைப் பற்றி ஒரு புகார் வந்தால், "பார்த்தியா, யாரோ பயன்படுத்தறாங்க" என்பார். பத்து வருடமாகப் புகாரே வரவில்லை என்றால், "பார்த்தியா, ஒரு குறையும் இல்லாம ஓடுது" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் நுழைவதற்கு ஓர் ஊசிக்குக்கூட இடம் கிடையாது.

எங்கள் குழுவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி வெர்ன் ஹாக்லண்ட். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இருக்கிறார். அறுபத்தாறு வயது. தங்கமான மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் பனி கொட்டினால் தன் வாசலைத் தொடுவதற்கு முன்பே அடுத்த வீட்டு வாசல் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்கிறவர். ஆனால் அதே தெருவில், ஜனவரி மாதம், காரை வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கும் ஒரே மனிதரும் அவர்தான். காரேஜில் இடமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாம் உபயோகப்படற சாமான்தான்" என்றார். கதவைத் திறந்து காட்டவில்லை, திறந்தால் மூட முடியாதாம்.

சரி, கதைக்கு வருகிறேன். இந்தக் கதையில் ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது. கிரெட்சன் ஓல்மெடோ என்று பெயர், மினியாபொலிஸில் ஒரு கம்பெனியில் வேலை. கணினி சும்மா இருக்கும்போது சரியாகத் தூங்கவைக்கப் புதிய முறை ஒன்றை எழுதியிருந்தாள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மலிவு மடிக்கணினி இருக்கிறதே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேட்டரி செத்துப் போகும், அது இந்த முறையில் சாயங்காலம் வரை தாங்கும். நானே என் மகளின் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு அசந்து போனேன். ஆனால் புதிய முறை உள்ளே வர வேண்டுமானால் பழைய முறை வெளியே போயாக வேண்டும். பழைய முறையை நம்பியிருந்த டிரைவர்கள் நாற்பத்திரண்டு. அவற்றில் நாற்பத்தொன்றை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிவிட்டாள்.

நாற்பத்திரண்டாவது, ஒரு டேப் டிரைவுக்கானது. முப்பது வருடத்துக்கு முன்பு ஒலிநாடா மாதிரியான பட்டையில் தகவலைப் பதிந்து வைப்பார்களே, அதற்காகக் கணினிக்குள் செருகுகிற கார்டு என்னும் அட்டையை இயக்குவது. அட்டை கைவசம் இல்லாமல் மாற்றினால் சோதித்துப் பார்க்க முடியாது. சோதிக்காமல் மாற்றக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஆகவே இந்த டிரைவரை எடுத்துவிடலாம் என்று கிரெட்சன் குழுவுக்கு ஒரு மடல் போட்டாள். பதினோரு நிமிடத்தில் வெர்னின் பதில் வந்தது. "கூடாது. யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்." ஒருவர் ஆட்சேபித்துக்கொண்டிருக்கும் வரை எங்களிடம் எதையும் நீக்குவதில்லை.

எங்கள் கெர்னலில் புதிய வேலைகளைச் சேர்க்க ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும், இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடிவிடும். அந்த முறை கதவு திறப்பதற்குச் சற்று முன்னால், செப்டம்பரில், எங்கள் வருடாந்தரக் கூட்டம் டுலூத்திலேயே நடந்தது. கப்பல் வரும்போது மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் ஒன்று அங்கே உண்டு. அதன் பக்கத்து ஹோட்டலில் ஒரு நீள அறை. வெர்ன் வழக்கம்போல மனைவி சுட்ட எலுமிச்சை கேக் துண்டங்களை ஒரு பெரிய தட்டு நிறையக் கொண்டு வந்திருந்தார். கிரெட்சன் ஒன்றை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"வெர்ன், அந்தக் கார்டைச் செருகற இடமே இப்ப வர்ற எந்த கம்ப்யூட்டர்லயும் கிடையாது. யாரு வெச்சிருக்கா அதை?"

"யாராவது வெச்சிருப்பாங்கம்மா."

"அந்த யாராவது எங்கே இருக்காரு?"

"கனடாவுல, சஸ்காட்செவன் பக்கம் ஏதாவது ஒரு கோதுமைக் கிடங்குல…"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலைங்கறதால இல்லைன்னு ஆயிடுமா?"

அப்போது பாலத்தின் சங்கு ஊதியது. கப்பல் வந்தால் எல்லாரும் எழுந்து ஜன்னலுக்குப் போவது அங்கே வழக்கம். இரும்புத்தாது ஏற்ற வந்த நீளமான கப்பல், பத்து நிமிடம் பார்த்தோம். வெர்ன் மட்டும் இருந்த இடத்திலேயே இரண்டு எலுமிச்சைத் துண்டத்தை முடித்துவிட்டு, நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"செத்துப் போச்சுங்கறியே, அந்த டிரைவர்ல எத்தனை தடவை கை வெச்சிருக்காங்க தெரியுமா? நான் எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். இருநூத்துப் பதினாலு திருத்தம்! போன மாசம்கூட ஒண்ணு. செத்ததுக்கா இவ்வளவு பேர் வருவாங்க?"

"சாவு வீட்டுக்குத்தான் வெர்ன் இவ்வளவு பேர் வருவாங்க!"

அறையே சிரித்தது. வெர்னும் சிரித்தார், தொப்பை குலுங்கச் சிரித்தார், ஆனால் இம்மியும் அசைந்து கொடுக்கவில்லை. அந்த இருநூற்றுப் பதினாலையும் நான் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். குறிப்புகளில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தியது, உரிமம் பற்றிய வாக்கியத்தை மாற்றியது, வருடக் கணக்கை மாற்றியது, ஒருவர் இடைவெளியை எடுக்க அடுத்தவர் திரும்ப வைத்தது. கெர்னல் முழுவதையும் ஒரே மூச்சில் பெருக்கித் துடைக்கிற ஆட்கள் எங்களிடம் உண்டு. அவர்களுடைய துடைப்பம் போகிற போக்கில் இதன் மேலும் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு செய்த திருத்தம் என்று பார்த்தால் இருபத்திரண்டு வருடமாக ஒன்றுகூட இல்லை.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கிரெட்சன் என்னிடம் சொன்னாள்: "கம்பெனில தெளிவா சொல்லிட்டாங்க. இந்தக் கதவு மூடறதுக்குள்ள போகலைன்னா குழுவைக் கலைச்சுடுவாங்க. என்னை விளம்பரம் காட்டற பிரிவுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க. மூணு வருஷம்டா! ஒரு டேப் கார்டு!" எனக்கு மனசு கேட்கவில்லை. வெர்னிடம் போய்ப் பேசலாமா என்று நினைத்தேன். ஆனால் அவருடைய எலுமிச்சைத் துண்டம் மூன்று என் வயிற்றில் இருந்தது, எப்படிப் பேசுவது?

கிரெட்சன் விடவில்லை. இருந்தால்தானே சோதிக்க முடியும், தேடிப் பிடிப்போம் என்று இறங்கினாள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், ரேடியோ பைத்தியங்கள் பழைய சாமான் விற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அட்டையும் அதைச் செருகக்கூடிய பழைய கணினிப் பெட்டியுமாகவே அகப்பட்டது. கொண்டுவந்து மாட்டினாள். டிரைவர், "கருவி இல்லை" என்றது. அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கருவி இல்லை. அட்டைதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து, கெர்னலின் மிகப் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கருவி உடனே எழுந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒவ்வொரு பதிப்பாக முன்னால் வந்து, எந்த இடத்தில் படுத்தது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், தேவையில்லாத அடைப்புக்குறிகளைக் கெர்னல் முழுக்கத் தேடித் தேடி நீக்கிய ஒரு மகானுபாவர், இந்த டிரைவரில் தேவையான ஒரு ஜோடியையும் சேர்த்து நீக்கிவிட்டார். அன்றிலிருந்து, கருவி எதிரே உட்கார்ந்து கையை ஆட்டினாலும் டிரைவர் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் திருத்தத்தின் கீழே, சரிபார்த்தவர் என்று ஒரு பெயரும் இருந்தது. வாசகர்களே, அது என் பெயர். முந்நூறு கோப்புகளில் அடைப்புக்குறி நீக்கியிருந்தார், நான் ஒரு சாண்ட்விச் சாப்பிடும் நேரத்தில் முந்நூறையும் சரிபார்த்திருக்கிறேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது அல்லவா? பதினான்கு வருடம் இந்த டிரைவர் எவருக்கும் ஓடவில்லை, ஒருவரும் மூச்சு விடவில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கதவு திறந்து இரண்டாம் நாள், திங்கட்கிழமை, வீடியோவில் எல்லாரும் கூடினோம். கிரெட்சன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வெற்றிப் புன்னகையோடு வெர்னைப் பார்த்தாள். வெர்ன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அப்படின்னா இது பக்! நிரல்ல பிழை! உடனே சரி பண்ணணும்!"

"வெர்ன், பதினாலு வருஷமா ஓடலை. ஒருத்தர்கூடக் கேக்கலை."

"அதனாலதான் அவசரம்ங்கறேன்! பாவம், யாராவது பதினாலு வருஷமா காத்துக்கிட்டு இருப்பாங்க."

செத்தவர் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டையே காட்டி வைத்தியம் கேட்கிற மனிதரிடம் என்ன வாதாடுவீர்கள்? அதோடு விட்டாரா? முதலில் அடைப்புக்குறியைத் திரும்பப் போட வேண்டும், அது ஒரு பதிப்பு முழுவதும் வெளியே போய் ஓட வேண்டும், எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் கிரெட்சனின் புதிய முறைக்கு மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஒன்பது வாரம். அதற்குள் கிரெட்சன் விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து செருப்புப் படம் காட்டிக்கொண்டிருப்பாள்.

திரையில் கிரெட்சன் குனிந்து எதையோ தேடிப் பார்த்தாள். பிறகு, கேட்டவர்களெல்லாம் திடுக்கிடும்படி, "நீங்க சொல்றது நியாயம்தான் வெர்ன்" என்றாள்.

"அப்படிச் சொல்லு!"

"ஆனா பாருங்க, இந்த டிரைவருக்குப் பொறுப்பாளர்னு யார் பேரும் இல்லை. அனாதைன்னு போட்டிருக்கு. இவ்வளவு அக்கறை இருக்கறவங்க நீங்கதான். உங்க பேரைப் போட்டுடட்டுமா? கார்டு, பெட்டி எல்லாம் நாளைக்கே உங்க வீட்டுக்கு வந்துடும்."

வெர்னின் மார்பு விரிந்ததை நான் பார்த்தேன். முப்பது வருடம் குழுவில் இருந்து ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவர், ஆனால் பொறுப்பாளர் பட்டியலில் அவர் பெயர் ஓர் இடத்திலும் இருந்ததில்லை. இந்த இனத்தின் முக்கியமான லட்சணம் இது. காவல் காப்பார்கள், பெருக்க மாட்டார்கள். "தாராளமா போடும்மா" என்றார். அன்று மாலையே போட்டாயிற்று.

பொறுப்பாளர் என்று பெயர் ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நிரலைப் பற்றி உலகத்தில் எவர் எதைச் சொன்னாலும் அது அவர் வீட்டு வாசலுக்கு வரும். எங்களிடம் இரவு பகலாகக் கெர்னலைச் சோதிக்கும் இயந்திரங்கள் உண்டு. மனிதனாவது களைப்பான், அவை களைப்பதில்லை. இத்தனை நாளும் அனாதை என்பதால் யாருக்கும் அனுப்பாமல் தேக்கி வைத்திருந்த எச்சரிக்கைகளையெல்லாம் அவை மொத்தமாக அனுப்பத் தொடங்கின. கூடவே எழுத்துப்பிழை திருத்துகிறவர்கள், வகுப்பில் வாத்தியார் சொன்னாரென்று முதல் திருத்தம் அனுப்பும் கல்லூரி மாணவர்கள், பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது என்று அலறுகிறவர்கள், அந்த ஓட்டையைப் பதிவு செய்ய ஓர் எண் கேட்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டியவர் வெர்ன். சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இது எப்பவும் இப்படித்தானா? காப்பியை எடுத்துக்கிட்டு உக்காந்தா எழுபத்திரெண்டு மெயில்."

"எல்லாம் யாராவது பயன்படுத்தறவங்களா இருக்கும் வெர்ன்."

"கிண்டல் பண்ணாதே. ஒருத்தன்கிட்டக்கூட கார்டு இல்லை! நான் கேட்டுட்டேன். கார்டுன்னா என்னன்னு கேக்கறான் ஒரு பையன். முன்னூறு பேர் எழுதியிருக்காங்க, ஒருத்தனாவது ஒரு டேப்பைக் கண்ணால பார்த்திருக்கணுமே? இல்லை!"

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?"

"எங்கே நேரம்? மெயிலுக்குப் பதில் போடவே பொழுது போயிடுது. தெருவிலே பனி பெய்ய ஆரம்பிச்சா என்ன பண்ணுவேன்னு தெரியலை."

புதன்கிழமை மத்தியானம், அதாவது பொறுப்பேற்ற பத்தாம் நாள், குழுவுக்கு ஒரு திருத்தம் வந்தது. டேப் டிரைவரை முற்றிலும் நீக்குவது. அனுப்பியவர்: வெர்ன் ஹாக்லண்ட். காரணம் என்ற இடத்தில், "இதை எவரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை; பராமரிப்பது வீண் வேலை" என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஓர் ஆசாமி பதில் போட்டார்: "அவசரப்பட வேண்டாம். யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்."

அதற்கு வெர்ன் எழுதிய பதில் எங்கள் குழுவில் இன்றும் பிரசித்தம். "யாருய்யா அந்த யாராவது? பேரைச் சொல்லு! ஊரைச் சொல்லு! போன் நம்பரைக் கொடு, நானே கூப்பிட்டுப் பேசறேன்! இல்லைன்னா பொறுப்பாளர்னு உன் பேரைப் போடறேன், சம்மதமா?" ஹாலிஃபாக்ஸ் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை டிரைவர் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவு மூட நாலு மணி நேரம் இருக்கும்போது, கிரெட்சனின் மூன்று வருடம் உள்ளே நுழைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் கலங்கியது. வெர்ன் எல்லாருக்கும் முந்திக்கொண்டு அவளைப் போனில் கூப்பிட்டு வாழ்த்தினாராம். கடைசியில், "அந்தக் கார்டு என்கிட்டதானே இருக்கு, அதைத் திருப்பி அனுப்பலைம்மா. எதுக்கும் இருக்கட்டும்" என்றாராம்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அடுத்த வாரம் கிரெட்சனின் நிரலை நிதானமாகப் படித்தேன். அடைப்புக்குறி விவகாரத்துக்குப் பிறகு நான் எதையும் சாண்ட்விச்சோடு படிப்பதில்லை. நடுவில் ஓர் இடத்தில் நாற்பது வரி வித்தியாசமாக இருந்தது. சுற்றி வேலி போட்டு, கணினி அதைத் தாண்டிப் போய்விடும்படி செய்து, மேலே, "அடுத்த பதிப்பில் நீக்கப்படும்" என்று ஒரு குறிப்பு. அவளைக் கூப்பிட்டேன்.

"கிரெட்சன், இது என்ன நாப்பது வரி?"

"பழைய முறையோட அடிப்பகுதி."

"அதைக் கூப்பிடற டிரைவர் இப்ப ஏதாவது இருக்கா?"

"இல்லை. நாப்பத்திரெண்டும் போயாச்சு."

"பின்னே எதுக்கு?"

"வெளியிலே யாராவது…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது. "நாப்பதே நாப்பது வரிடா! சோறா கேக்குது? உனக்கு என்ன கஷ்டம் அதுல?"

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சரிபார்த்தவர் என்று என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். அது நடந்து நாலு வருடம் ஆகிறது, அந்தக் குறிப்பும் அதில்தான் இருக்கிறது, நாற்பது வரியும் சுகம். போன மாதம் யாரோ அதில் ஓர் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கெர்னல்காரர்களின் பைத்தியம் நமக்கென்ன என்று நினைக்கிறீர்கள். நல்லது, சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கும் உங்கள் சாவிக்கொத்தைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். வாசல் கதவுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, ஆபீஸ் மேஜைக்கு ஒன்று. அந்தச் சின்னது, பித்தளையில் பல் தேய்ந்தது, எந்தப் பூட்டுக்கு? மூன்று வீடு மாறிவிட்டீர்கள், அந்தப் பூட்டு எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியாது. கழற்றிப் போட்டுவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். என்ன, வளையத்துக்குள் விட்ட நகம் அப்படியே நிற்கிறது?